தலைவர் வீட்டுக்காரரின் மனு

என் பெயர் கார்மேகம். வயது 46. தகப்பனார் பெயர் சுடலைமுத்து. நிரந்தர முகவரி: நடுத்தெரு, வடக்கு மாவிலிக்குளம் ஊராட்சி, தென்காசி மாவட்டம். தற்போது ஐக்கிய அரபு அமீரகம் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் வேலை பார்த்து, தொழிற்சாலையின் கேம்ப்பில் தங்கியிருக்கிறேன். காணொலி அழைப்பில் சார்பு ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்கு நான் சொல்லும் பதிலைத் தலைமைக் காவலர் நாகஜோதி தட்டச்சு செய்கிறார். எனக்குப் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என் அறையில் உடன் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மதுசூதனன். அவர் இடையில் பேசக்கூடாது என்று சொல்லப்பட்டு, அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார்.

என் மனைவி நாகவள்ளி மேற்படி ஊராட்சியின் மன்றத் தலைவர். என் உடன்பிறந்த தம்பி சுரேஷ்குமார் கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தன் கடையின் சுற்றுச்சுவரை ஊராட்சி இடித்தது நான் போனில் போட்ட உத்தரவின்பேரில்தான் என்றும், சொத்துத் தகராறு காரணமாக நான் அதைத் தூண்டிவிட்டேன் என்றும், என் மனைவி பெயருக்குத்தான் தலைவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊராட்சியை நடத்துவது நான்தான் என்றும் அதில் கண்டிருக்கிறது. இது உண்மையென்று தெரிந்தால் என் மனைவியின் பதவிக்கே ஆபத்து வரும் என்று சார்பு ஆய்வாளர் எனக்கு எடுத்துச் சொன்னார். ஆகவே நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

எனக்கும் என் தம்பிக்கும் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய மனை அவனுக்கும், அதற்கு அடுத்த உள்மனை எனக்கும் வந்தது. அவன் கடை வைக்க ஆசைப்பட்டதால் அப்படிப் பிரிக்கச் சொன்னவன் நான். 2021ஆம் வருடம் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மகளிர் குழுவில் இருந்த என் மனைவியைத் தேர்தலில் நிற்கச் சொன்னவன் என் தம்பி. நான் வேண்டாம் என்றேன். அதன் பிறகு அவனே தன் லோடு ஆட்டோவில் மைக் கட்டி, தெருத் தெருவாகப் போய்த் தன் அண்ணிக்கு ஓட்டுக் கேட்டான். முடிவு தெரிந்த அன்று எனக்கு முதலில் போன் செய்தவனும் அவன்தான். “அண்ணேன், மைனி ஜெயிச்சிட்டாவ” என்று சொல்லிவிட்டு அழுதான். நான் லோடிங் டியூட்டியில் இருந்ததால் ஃபோர்மேன் “ஜல்தி, ஜல்தி” என்று சத்தம் போட்டார். அதனால் அதிகம் பேச முடியவில்லை.

2024 ஏப்ரல் மாதம் இங்கே பெய்த பெருமழையில் எங்கள் கேம்ப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நகராட்சி ஆட்கள் டேங்கர் லாரிகளைக் கொண்டுவந்து உறிஞ்சி எடுத்தார்கள். ஊர் முழுக்க அந்த வேலை இருந்ததால், கேம்ப்புக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடந்த ஒரு பள்ளம் மட்டும் விடுபட்டுப் போனது. அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மதுசூதனன் டியூட்டி முடிந்ததும் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வருவார். என் மனைவி தினமும் வீடியோவில் வருவார். என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் அழவில்லை. “தண்ணி இன்னும் நிக்கிதா, மருந்து அடிச்சாவளா, டயர எடுத்தாச்சா” என்றுதான் கேட்பார். எனக்குக் கோபம் வந்து, “நான் இங்க சாகக் கெடக்கேன், நீ டயரக் கேக்கியே” என்று சொன்னேன். அவர் அதன் பிறகு மதுசூதனனைத் தனியாக அழைத்து, கேம்ப்பின் பின்பக்கத்தைப் போனில் காட்டச் சொல்லி, “தம்பி, கேம்ப் பாஸ்கிட்ட சொல்லுங்க. அவரு கேக்கலன்னா நகராட்சிக்கு நீங்களே போன் பண்ணுங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று சொல்லியிருக்கிறார். மதுசூதனன் அப்படியே செய்தார். நகராட்சி வண்டி வந்து டயர்களை அள்ளிப்போய் மருந்தும் அடித்தது. ஆகவே எங்கள் இருவரில் போன் மூலமாக வெளியூர் நிர்வாகத்தில் தலையிட்டவர் யார் என்று கேட்டால், அது என் மனைவிதான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதே வருடம் டிசம்பர் மழையில் எங்கள் ஊர் கீழத்தெருவில் தண்ணீர் தேங்கியது. அங்கன்வாடியும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. தெருத்தண்ணீர் குளத்துக்குப் போகும் பழைய ஓடை பல இடங்களில் தூர்ந்துபோயிருந்தது. தை மாதம் வரைக்கும் அங்கே காய்ச்சல் ஓயவில்லை. ஒரு குழந்தையைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது. என் மனைவி அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் இருந்துதான் எனக்குப் போன் செய்வார். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்கும். என் உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

அதன் பிறகு, ஊராட்சிக்கு அந்த வருடம் வரும் நிதியில் ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும் என்ற நிலை வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அமீரகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஷார்ஜா முவைலாவில் ஒரு ஹோட்டலில் ஒரு லீவு நாளில் கூடினோம். பக்கத்து ஊர்களில் எல்லாம் ஊர் பெயர் போட்ட நுழைவாயில் வளைவு இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். தலைவரின் வீட்டுக்காரன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் அன்று மாலையே பேசினேன். என் மனைவி, “வளைவு கட்டுனா கொசு உக்காந்து ஊரு பேர வாசிக்கும். வேற என்னத்துக்கு ஆவும்? கீழத்தெருவுக்கு வாறுகால் கட்டப் போறேன்” என்று சொல்லிவிட்டார். மறுபடி முவைலாவுக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊராட்சி விஷயமாக நான் அவரிடம் சொன்ன முதல் யோசனை அது. அது ஏற்கப்படவில்லை.

வாறுகால் என்கிற மழைநீர் வடிகால் வேலைக்காக நிலஅளவையர் வந்து அளந்தார். பழைய ஓடைப் புறம்போக்கில் என் தம்பியின் கடைச் சுற்றுச்சுவர் நிற்பதாகத் தெரிந்தது. அந்தச் சுவர் கட்டும்போது சிமென்ட்டும் மணலும் என்ன கணக்கில் கலக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டான், நான்தான் சொன்னேன். அது யாருடைய இடம் என்று அவனும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து அவனுக்கு நோட்டீஸ் வந்தது. அவன் வாங்க மறுத்தான். அதன் பிறகு எனக்குப் போன் செய்து, “அண்ணேன், மைனி என் சொவத்த இடிக்கப் போறாவ. நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ” என்றான்.

அவன் கேட்டதற்காக நான் என் மனைவியிடம் பேசினேன். வாறுகாலைச் சுவருக்கு அந்தப் பக்கமாக வளைத்துக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். வளைத்தால் தண்ணீர் ஏறி வராது, பொறியாளர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்றார். நான் விடாமல், “தம்பிக்காக ஒண்ணு செய்யக்கூடாதா” என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நீங்க பொண்டாட்டிகிட்ட பேசுதீகளா, தலைவர்கிட்ட பேசுதீகளா? பொண்டாட்டிகிட்டன்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க. தலைவர்கிட்டன்னா ஆபீஸ் நேரத்துல ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க.”

எனக்கு வருத்தமாகிவிட்டது. ஆனாலும் மறுநாள், வெயில் காலத்துக்காக இங்கே விடும் மதிய ஓய்வில், ஊராட்சி அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டேன். ஊராட்சி செயலர் விஜயபாஸ்கர் எடுத்தார். என் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் “யார் பேசுதது, என்ன விசயமா?” என்று கேட்டார். பக்கத்தில் என் மனைவி இருந்திருக்க வேண்டும். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “மனுவா எழுதிக் கொடுக்கச் சொல்லுதாவ” என்றார்.

அதன் பிறகு மனு எழுதினேன். எனக்கு அவ்வளவு எழுத வராது என்பதால் மதுசூதனன் வாசகம் சொன்னார். அவர் தொழிற்சாலை ஸ்டோரில் எழுத்தர். “மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு, தங்கள் பணிவுள்ள கார்மேகம் எழுதிக்கொள்வது” என்று தொடங்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். “அண்ணை, மனு எண்டா அப்பிடித்தான் இருக்கோணும்” என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் மனைவி அதை மன்றக் கூட்டத்தில் வைத்திருக்கிறார். வாசித்திருக்கிறார்கள். வார்டு உறுப்பினர்கள் பேசியிருக்கிறார்கள். பிறகு எனக்குப் பதில் வந்தது. பொது நலன் கருதி மேற்படி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று எழுதி, ஊராட்சி முத்திரை வைத்து, கீழே என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு எதுவும் அனுப்பியதில்லை. மதுசூதனன் வாங்கிப் பார்த்துவிட்டு, “மனுசி மனுவைத் தள்ளிப்போட்டா” என்று, மனைவியை மனுசி என்கிற தன் ஊர்ப் பேச்சில் சொல்லிச் சிரித்தார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன். அந்தப் பதிலின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபை நடந்தது. இங்கே எனக்கு லீவு. இரண்டாவது வார்டு உறுப்பினர் மதீனா பீவி கூட்டத்தைப் போனில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார். நானும் மதுசூதனனும் அறையில் இருந்து பார்த்தோம். என் தம்பி கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கு வேண்டிய ஒருவர் எழுந்து, “வீட்டுக்காரரு கல்ஃப்ல இருந்து சொல்லுதாரு, இங்க இவ்வோ தலைய ஆட்டுதாவ. இதுக்கு எதுக்குத் தலைவரு?” என்று கேட்டார். என் மனைவி, “எங்க வீட்டுக்காரவுக கொடுத்த மனு இந்த மேசையிலதான் இருக்கு. தள்ளுபடி பண்ணியாச்சு. வேணும்னா வாங்கிப் பாருங்க” என்றார். கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். அந்த நபர் உட்காரவில்லை. சொந்தக் கொழுந்தனின் சுவரை இடிக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டார்.

அப்போது என் மனைவி சொன்னது: “போன வருசம் எங்க வீட்டுக்காரவுக அங்க காய்ச்சல்ல கெடந்தாவ. பக்கத்துல இருந்து ஒரு தம்ளர் வெந்நி வச்சுக் கொடுக்க என்னால முடியல. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தாரு. கீழத்தெருவுல யாரு படுத்தாலும் எனக்கு அவுக மூஞ்சிதான் தெரியுது. என் கொழுந்தன் நான் பெறாத பிள்ளை. சொவத்த இடிச்சா அவன் எங்கிட்ட கோவிச்சுக்குவான், நாளைக்குச் சரியாயிருவான். தண்ணி நின்னா அது சரியாவாது.”

அந்தக் காய்ச்சல் நாட்களில் அவர் என்னிடம் இதில் ஒன்றையும் சொன்னதில்லை. புண்ணியவான் என்று சொன்னதும் மதுசூதனன் எழுந்து டீ போடப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கொண்டுவந்த டீயில் சீனி இல்லை. நான் அதைச் சொல்லாமல் குடித்தேன். தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் மாதம் சுவரை இடித்தார்கள். இதை நான் நேரில் பார்க்கவில்லை. செயலர் விஜயபாஸ்கர் சொன்னதையும் என் தம்பி சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன். இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஜேசிபி வந்ததும் என் தம்பி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். வருவாய்த்துறை ஆட்கள் போலீசைக் கூப்பிடலாம் என்றார்கள். என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானும் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “நீ எந்திரிக்கது வரைக்கும் நானும் எந்திரிக்கல” என்றார். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். வெயில் ஏறியது. அதன் பிறகு என் மனைவி டீ வாங்கி வரச் சொல்லி, ஒன்றை அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான். குடித்து முடித்ததும் எழுந்து கடைக்குள் போய்விட்டான். அன்று மாலை என்னிடம் பேசும்போது, “டீயக் குடிச்ச பொறவு எப்பிடிண்ணேன் உக்காந்திருக்க?” என்று கேட்டான். சுவர் லேசில் விழவில்லை என்றும், கலவை நல்ல கலவை என்றும் சொல்லி அழுதான்.

நான் அதற்குப் பிறகு சில நாட்கள் என் மனைவியிடம் பேசவில்லை. தம்பி அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தினமும் காலையில் “சாப்டீகளா” என்று மட்டும் அனுப்புவார். நான் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். ஒரு நாள் அதை அவர் அனுப்பவில்லை. நான் பயந்துபோய் டியூட்டியிலேயே கூப்பிட்டேன். போனில் சார்ஜ் இல்லை என்றார். அதில் இருந்து மறுபடி பேசிக்கொள்கிறோம்.

அக்டோபர் கடைசியில் மழை வந்தது. வாறுகால் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அங்கன்வாடி வாசலில் தண்ணீர் நிற்கவில்லை என்று மதீனா பீவி வீடியோ அனுப்பினார். அதில் என் தம்பியும் இருக்கிறான். மண்வெட்டியை வைத்துக்கொண்டு வாறுகாலில் அடைத்த குப்பையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். அதே வாரத்தில்தான் அவன் இந்தப் புகாரையும் கொடுத்திருக்கிறான்.

ஏன் கொடுத்தான் என்று சார்பு ஆய்வாளர் கேட்கிறார். நான் அவனிடமே கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், சொந்த மைனியே சுவரை இடித்தும் சும்மா இருக்கிறாயே என்று கேலி செய்ததாகச் சொன்னான். அப்படியானால் அவர் பேரில் மட்டும் புகார் கொடுக்க வேண்டியதுதானே என்றேன். “மைனி பேர எப்பிடிண்ணேன் எழுத? ஒன் பேர எழுதுனா ஒண்ணும் ஆவாது, நீ அங்கல்லா இருக்க” என்றான். அதாவது என் மனைவியைக் குற்றம் சொல்ல மனம் வராமல் என்னைக் குற்றம் சொல்லியிருக்கிறான். நான்தான் ஊராட்சியை நடத்துகிறேன் என்று எழுதினால் அவர் பதவிக்குத்தான் ஆபத்து என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதை நான்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் பேரில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பொய்ப் புகார் என்று அவன் மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் கடையை ஒட்டிய என் உள்மனையில் சுவருக்கு வேண்டிய அளவு இடத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். அது பட்டா நிலம். இதில் ஊராட்சிக்குச் சம்பந்தம் இல்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் என் மனைவியின் அனுமதி தேவைப்படவில்லை. சொன்னபோது அவருக்குச் சந்தோஷம்தான்.

ஊராட்சி நிர்வாகத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் தெருவிளக்கு போன வருடத்தில் இருந்து எரியவில்லை. என் மகள் சம்யுக்தா கல்லூரியில் இருந்து வரும்போது அந்த இடம் இருட்டாக இருக்கிறது என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். மற்ற தெருக்களில் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் தலைவர் வீட்டு வாசலுக்கு என்று என் மனைவி சொல்லிவிட்டார். மகளை அவரே போய் டார்ச் அடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார். நேற்று வரைக்கும் அது எரியவில்லை. நான் ராஸ் அல் கைமாவில் இருந்துகொண்டு அந்த ஊராட்சியை நடத்துகிறவனாக இருந்தால், ஐயா, அந்த விளக்கு எரிந்திருக்கும்.

நான் சொன்னவை முழுவதையும் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். என் மனைவி பிடிவாதமாக இருந்தார் என்று ஓரிடத்தில் பதிவாகியிருந்ததை எடுத்துவிட்டு, அவர் பேசிய பேச்சையே போடச் சொன்னேன், அப்படியே போட்டார்கள். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முக்கியமாக என் மனைவியின் வற்புறுத்தல் இல்லாமல், எனக்குத் தெரிந்த உண்மையை உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
சு. கார்மேகம்
ராஸ் அல் கைமா

என் முன்னிலையில் வாசித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
(ஒப்பம்)
சார்பு ஆய்வாளர்